மாடிக்கு ஏற்றும் முன் எடை பாருங்கள்

தராசு இல்லாத கடை உண்டா? கால் கிலோ சீரகமானாலும் ஒரு லாரி சர்க்கரையானாலும் எடை பார்க்காமல் நாம் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. மூட்டைக்கு அரை கிலோ குறைந்தால் மண்டிக்கே போன் போட்டுக் கேட்கிறோம். ஆனால் நம் கடையின் தலைக்கு மேலே எத்தனை கிலோ நிற்கிறது, அந்தத் தளம் எத்தனை கிலோ தாங்கும் என்று யாராவது கேட்டால், நம்மில் எத்தனை பேரால் உடனே பதில் சொல்ல முடியும்?

நம் வட சென்னை வட்டாரத்துக் கடைகளின் அமைப்பை எல்லோரும் அறிவோம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எங்கு பார்த்தாலும் கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. பாதிக் கடைகளில் முதல் மாடியின் ஓர் அறை கிடங்காக மாறியிருக்கும். இடமோ குறுகல், வாடகையோ அதிகம். அதனால் சரக்கு மேலே ஏறிக்கொண்டே போகிறது.

இதற்கு வேறு இரண்டு காரணங்களும் சேர்ந்துகொண்டன. ஒன்று தண்ணீர்ப் பஞ்சம். 2003-04லும் பிறகு 2019 கோடையிலும் பட்ட பாட்டுக்குப் பின், ஒரு தொட்டி இருந்த மாடியில் இரண்டாயிற்று, இரண்டு இருந்த மாடியில் மூன்றாயிற்று. மற்றொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கீழ்க்கடையில் தண்ணீர் புகுந்து மூட்டை மூட்டையாகச் சரக்கை இழந்தவர்கள், ஐப்பசி பிறந்ததுமே சரக்கை மாடிக்கு ஏற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் தண்ணீரிடமிருந்து சரக்கைக் காப்பாற்றப் போய், சரக்கின் எடைக்குக் கட்டடத்தைப் பலி கொடுத்துவிடக் கூடாது. அந்தக் கட்டடத்தில்தான் நம் பிள்ளைகளும் நம்மிடம் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

தளம் தாங்கும் அளவு என்ன?

இது ஊகத்துக்கு விட்ட விஷயம் அல்ல. எந்தத் தளத்துக்கு எவ்வளவு சுமை என்று கணக்கிட்டுக் கட்ட வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 875 என்னும் விதித்தொகுப்பில், 1987-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் வரையறுத்திருக்கிறது. அது சதுர மீட்டர் கணக்கில் இருக்கிறது. நமக்குப் புரியும்படி சதுர அடிக்கு மாற்றிச் சுமாராகத் தருகிறோம்.

மக்கள் நடமாடும் மொட்டை மாடி: சதுர அடிக்கு 14 கிலோ.
குடியிருப்பு அறை: சதுர அடிக்கு 18½ கிலோ.
சில்லறைக் கடை: சதுர அடிக்கு 37 கிலோ.
மொத்தக் கடை: சதுர அடிக்கு 56 கிலோ.
கிடங்கு: குறைந்தபட்சம் சதுர அடிக்கு 70 கிலோ, அடுக்கும் உயரம் கூடக் கூட அதற்கும் மேல்.

இந்த அளவுகள் கட்டடத்தின் சொந்த எடை நீங்கலாக, அதன் மேல் ஏற்றப்படும் சுமைக்கு உரியவை. மனிதர்கள், கட்டில், பீரோ எல்லாம் இதற்குள் அடக்கம்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடிக்கு 10 அடி உள்ள ஒரு வீட்டு அறை, சமமாகப் பரப்பினால் 1,850 கிலோவுக்காகக் கட்டப்பட்டது. அதாவது 50 கிலோ மூட்டை 37. அதே அறையை மொத்தக் கடைக்கென்று கட்டியிருந்தால் 112 மூட்டை. பார்ப்பதற்கு இரண்டு அறையும் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் முழுவதும் கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும் கம்பியிலும், தளத்தின் கனத்திலும், உத்தரத்தின் ஆழத்திலும்தான்.

நாம் மூட்டைகளைச் சமமாகப் பரப்புவதும் இல்லை, மூலையில் அடுக்குகிறோம். 50 கிலோ சர்க்கரை மூட்டையைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய 4½ சதுர அடி பிடிக்கும். ஒரு அடுக்கு என்றால் சதுர அடிக்கு 11 கிலோ. வீட்டுத் தளம் தாங்கும். இரண்டாவது அடுக்கு வந்ததும் 22 கிலோ, கணக்கு மீறிவிட்டது. எட்டு அடுக்கு அடுக்கினால் சதுர அடிக்கு 89 கிலோ. அதாவது அனுமதித்த அளவைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு!

தண்ணீரும் எடைதான்

அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் நமக்கு, தண்ணீரின் எடை மட்டும் கண்ணில் படுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 2,000 லிட்டர் சிண்டெக்ஸ் தொட்டி நிரம்பினால் இரண்டு டன். தொட்டியின் விட்டம் 4½ அடி என்று வைத்துக்கொண்டால், அது உட்காரும் இடம் 16 சதுர அடி. சதுர அடிக்கு 125 கிலோ. மொட்டை மாடிக்கு விதித்த அளவோ 14 கிலோ.

வேறு விதமாகவும் சொல்லலாம். சதுர அடிக்கு 14 கிலோ என்பது ஆறு அங்குலத் தண்ணீரின் எடை. மாடி முழுவதும் அரை அடி தண்ணீர் தேங்கினால், மாடியின் கணக்கு அத்தோடு முடிந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

மேல்நாடுகளில் வசதி உள்ளவர்கள் வீட்டின் மரத்தளத்தின் மேல் பெரிய வெந்நீர்த் தொட்டி வைத்துக் குடும்பத்தோடு இறங்கிக் குளிக்கிறார்கள். 1,500 லிட்டர் தண்ணீரும் ஆறு பேரும் சேர்ந்தால் அதுவும் இரண்டு டன்தான். அங்கே அதற்கென்று தனித் தூண், தனி அஸ்திவாரம் போட்ட பிறகே தொட்டியை வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். இங்கே நாம் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று காற்றடித்த நீச்சல் தொட்டியை மாடியில் வைத்து இரண்டடி தண்ணீர் நிரப்புகிறோம். சதுர அடிக்கு 56 கிலோ. மாடித் தோட்டம் நல்ல பழக்கம்தான். ஆனால் ஓரடி ஆழ ஈர மண் சதுர அடிக்குச் சுமார் 50 கிலோ. இலேசான தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளை ஓரமாக வைப்பது வேறு, மாடி முழுக்க மண் கொட்டுவது வேறு.

இத்தனை நாள் நின்றதே என்பவர்களுக்கு

"இருபது வருடமாக அடுக்குகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. பொறியாளர் ஒன்றரை மடங்கு சுமைக்குக் கணக்கிட்டே தளத்தை வடிவமைக்கிறார். கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் தனியாகவும் கொஞ்சம் பலம் கையிருப்பாக விடுகிறார். அந்தக் கையிருப்பைத்தான் நாம் இருபது வருடமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். முதலைத் தின்று வியாபாரம் நடத்துபவன் கதைதான் இது. தீரும் நாள் வரை எதுவும் தெரியாது.

நம் வட்டாரத்தில் அந்தக் கையிருப்பைத் தின்ன இன்னொரு கூட்டாளியும் இருக்கிறார். அவர் உப்புக் காற்று. கடல் காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் அடியிலிருந்து கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கூரையிலிருந்து சில்லு சில்லாகப் பெயர்ந்து விழுவது இதனால்தான். கடற்கரைச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று 2000-இல் வெளிவந்த ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு கேட்கிறது. பழைய கட்டடங்களில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இருந்தாலே பெரிது.

உப்பு வியாபாரம் செய்வோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாடியில் உப்பு மூட்டை அடுக்கினால் மழைக்காலத்தில் அது கசிந்து தளத்துக்குள் இறங்கும். கடல் பத்து வருடத்தில் செய்வதை அந்தக் கசிவு வேகமாகச் செய்துவிடும். கருவாட்டு மூட்டைக்கும் இதே விதிதான்.

பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்கள்

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னமும் மெட்ராஸ் டெரஸ் கட்டடங்கள் நிற்கின்றன. தேக்குச் சட்டங்களை வரிசையாகச் சுவரில் பொருத்தி, மேலே மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திப் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட தளம் அது. நம் முன்னோர் காலத்து நல்ல வேலை, சந்தேகம் இல்லை. வெயிலுக்கும் குளிர்ச்சி. ஆனால் அதன் உயிர் முழுவதும் சட்டத்தின் இரண்டு முனைகளில் இருக்கிறது. அந்த முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. சுவரில் ஈரம் இறங்கினால் முனை மக்கும். கரையான் ஏறினால் உள்ளே கூடாகிவிடும். வெளியே தெரியும் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். இத்தகைய தளத்தில் மூட்டை அடுக்குவதும், பெரிய தொட்டியை நேராகத் தளத்தின் மேல் உட்கார வைப்பதும் கூடவே கூடாது.

வீட்டைக் கடையாக மாற்றும்போது நடக்கும் இன்னொரு காரியம் முன் சுவரை இடிப்பது. ஷட்டர் போட வேண்டும், கடை அகலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவரை எடுத்துவிடுகிறார்கள். தூண் இல்லாத பழைய கட்டடத்தில் அந்தச் சுவர்தான் மாடியைச் சுமந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, மேலே சரக்கையும் ஏற்றினால், பாரம் எதன் வழியாகப் பூமிக்கு இறங்கும்?

உலகம் பட்ட பாடம்

1995 ஜூன் 29-ஆம் நாள், தென்கொரியத் தலைநகர் சியோலில் சாம்பூங் என்ற பெரிய பல்பொருள் அங்காடி இடிந்து விழுந்தது. 502 பேர் மாண்டார்கள். பூகம்பம் இல்லை, குண்டு இல்லை. நான்கு மாடிக்குத் திட்டமிட்ட கட்டடத்தில் ஐந்தாவது மாடியைச் சேர்த்து, அதில் கனமான தரையோடு உணவகங்களை வைத்தார்கள். தூண்களை மெலிதாக்கினார்கள். மொட்டை மாடியில் ராட்சத ஏர்கண்டிஷன் இயந்திரங்கள் இருந்தன. சத்தம் என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதால், கிரேன் வைத்துத் தூக்காமல், மாடியின் மீதே உருட்டி இடம் மாற்றினார்கள். அப்போதே தளத்தில் வெடிப்பு. விழுந்த அன்று காலையில் வெடிப்புகள் பெரிதாகின. ஐந்தாம் மாடியின் ஒரு பகுதியை மூடினார்களே தவிர, கடையை மூடவில்லை. ஒரு நாள் வியாபாரம் போய்விடுமே என்ற கவலை! மாலையில் சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். மேல் மாடிகளில் ஆயத்த ஆடை ஆலைகள், கனமான ஜெனரேட்டர்கள். முதல் நாளே வெடிப்பு தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. ஆலைத் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். கதவைச் சாத்திய கடைக்காரர் பிழைத்தார்; உள்ளே அனுப்பப்பட்டவர் மாண்டார்.

நம் திருவொற்றியூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 27-ஆம் நாள், அறிவாக்குளம் பகுதியில் 1990களில் கட்டப்பட்ட குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுதி அப்படியே சரிந்தது. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. வெடிப்பைப் பார்த்ததும் அங்கிருந்தவர்கள் சட்டி பானையைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியேறிவிட்டார்கள். கட்டடம் பேசியது, அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். நாமும் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கட்டடம் பேசும் மொழி

கூரையின் அடிப்பக்கம் நடுவில் வெடிப்பு. கம்பி ஓடும் திசையில் நீளமான கோடு. பழுப்பு நிறத் துருக்கறை. பூச்சு உப்பித் தட்டினால் பொள்ளென்று ஒலிப்பது. நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு இன்று தளத்தில் இடிப்பது. மழை விட்டபின் மாடியின் நடுவில் மட்டும் தண்ணீர் தேங்குவது. இவை எல்லாம் எச்சரிக்கைகள்.

கூரையின் அடியில் சுவருக்குச் சுவர் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நடுவில் தளம் நூலைத் தொட்டு அழுத்தினால் தொய்வு இருக்கிறது. வெடிப்பின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஒரு விரல் அகலம் பூசி, மேலே தேதி எழுதி வையுங்கள். அதுவும் பிளந்தால் வெடிப்பு வளர்கிறது என்று பொருள். வெடிப்பின் மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுவது போன்றது.

செய்ய வேண்டியவை

ஒன்று: கனமான சரக்கு எப்போதும் தரைத் தளத்தில் இருக்கட்டும். அரிசி, சர்க்கரை, உப்பு, பருப்பு, எண்ணெய் டின் கீழே. மிளகாய் வற்றல், அப்பளம், சேமியா, பேப்பர் கப், ஊதுவத்தி போன்ற இடம் அடைக்கும் இலேசான சரக்கு மேலே. கடைக்குள் இருக்கும் பரணுக்கும் இதே முறைதான்.

இரண்டு: வெள்ளத்துக்குப் பயந்தால், கீழேயே மூன்றடி உயரத்தில் உறுதியான இரும்பு அல்லது கல் மேடை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கையிருப்பைக் குறைத்து, வாரம் இருமுறை சரக்கு எடுங்கள். பெரிய கையிருப்பு வேண்டுமானால் நாலைந்து பேர் சேர்ந்து மாதவரம், செங்குன்றம் பக்கம் தரைத் தளக் கிடங்கு பிடிக்கலாம்.

மூன்று: மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கணக்கோடு வையுங்கள். கான்கிரீட் தளத்தில் நடுப்பகுதியைத் தவிர்த்து, கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரமாக, பலகை பரப்பி, ஒரே அடுக்காக வையுங்கள். மூட்டையைத் தொப்பென்று போட வேண்டாம் என்று சுமைக்காரர்களிடம் சொல்லுங்கள். விழும் மூட்டையின் அடி, அதன் எடையைவிடப் பல மடங்கு. பால்கனியிலும் வெயில் மறைப்பிலும் எதையும் அடுக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ள அவற்றுக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆள் மிதித்து அது கீழே போயிருந்தால் யாருக்கும் தெரியாது.

நான்கு: தண்ணீர்த் தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்காதீர்கள். தூண்கள் அல்லது உறுதியான சுவர்கள் எங்கே மேலே வருகின்றனவோ, அவற்றின் மேல் கட்டை கட்டி, குறுக்கே இரும்பு கர்டர் போட்டு, தளத்தைத் தொடாமல் தொட்டியை வையுங்கள். பாரம் கர்டர் வழியாகத் தூணுக்குப் போய் அங்கிருந்து பூமிக்கு இறங்கட்டும். தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் சமமாக உட்கார வேண்டும். இரண்டாவது தொட்டி வேண்டுமென்றால் தரையில் கீழ்நிலைத் தொட்டி கட்டி, மேலே சிறிய தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். கசிவை அன்றே அடையுங்கள்.

ஐந்து: முப்பது வயது தாண்டிய கட்டடம் என்றால் தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை ஒரு முறை அழைத்துக் காட்டுங்கள். மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான். ஆனால் கம்பிக் கணக்கு பொறியாளரின் தொழில். முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தாலும் அவர் சொல்லும் இடத்தில் கொடுங்கள். தவறான இடத்தில் கொடுத்த முட்டு, தளத்தைத் தாங்குவதற்குப் பதில் உடைத்துவிடும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் ஒரு லாரிச் சரக்கின் இலாபத்தைத் தாண்டாது.

ஆறு: வாடகைக் கட்டடமானால், எந்தத் தளத்தில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளருக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு. காப்பீட்டுப் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். மாடியில் சரக்கு இருப்பது அதில் எழுதப்பட்டிருக்கிறதா, பாரத்தால் தளம் இடிந்தால் இழப்பீடு உண்டா என்று முகவரிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

ஏழு: தளம் சத்தம் போட்டாலோ, வெடிப்பு கண்ணெதிரே விரிந்தாலோ, முதலில் மனிதர்களை வெளியேற்றுங்கள். மாடி வீட்டாரையும் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிடுங்கள். கல்லாப் பெட்டிக்கோ கணக்குப் புத்தகத்துக்கோ திரும்பி ஓட வேண்டாம். மூட்டை இறக்க ஆளை உள்ளே அனுப்பவும் வேண்டாம். தீயணைப்புத் துறைக்கு 101, மாநகராட்சிக்கு 1913.

வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் பாரம் ஏற்றும் வண்டியை உதாரணம் காட்டியிருப்பது வணிகர்களுக்குத் தெரியாததல்ல. வண்டிக்குச் சொன்னது மாடிக்கும் பொருந்தும்.

மழை தொடங்க இன்னும் நாள் இருக்கும்போதே, இந்த வாரக் கடை விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அளவு நாடாவை எடுத்து மாடி அறையை அளந்து, சதுர அடியைக் கணக்கிட்டு, இருக்கும் மூட்டைகளை எண்ணிப் பாருங்கள். அளவு மீறியிருந்தால் அன்றே இறக்குங்கள். பிறகு அறைக் கதவின் மேல் பெயிண்டால் எழுதி வையுங்கள்: "இந்த அறையில் இத்தனை மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது." நாம் ஊரில் இல்லாத நாளில் கடைப் பையனும் சுமைக்காரரும் அதைப் பார்த்து நடந்துகொள்வார்கள்.